மூடாத அடைப்புக்குறி

டாக்டர் ஷவ்கி தமன்ஹூரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிவப்புப் பேனாவின் மூடியால் காகிதத்தில் ஓரிடத்தைத் தட்டினார்.

"இங்க பாரு ரிஹாப். இது என்னது?"

ரிஹாப் எட்டிப் பார்த்தாள். அவளுடைய ஆய்வு விண்ணப்பத்தின் முதல் பக்கம். தவ்ஹீதா கந்தீலின் நாவல்களில் உழைக்கும் பெண்கள் என்ற தலைப்பு. அதன் கீழே எழுத்தாளரின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறி, உள்ளே பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெறும் இடம்.

"அடைப்புக்குறி, டாக்டர்."

"மூடலையே?"

"அவங்க உயிரோட இருக்காங்க, டாக்டர். இங்கதான், ஷுப்ராவுல."

"அல்லாஹ் ஆயுசைக் குடுக்கட்டும்," என்றார். மனதாரத்தான் சொன்னார். "அதாம்மா பிரச்சினையே."

அரபுத் துறையில் இந்த விதி எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதில்லை. எழுதி வைத்த விதிகளை வளைக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள், எழுதாத இந்த ஒன்றை அசைக்கத்தான் ஆள் இல்லை. உயிரோடு இருக்கிற எழுத்தாளரைப் பற்றி ஆய்வு செய்யக்கூடாது. ஏன் என்று கேட்டால் தேநீர் கொண்டுவருகிறவர் முதல் துறைத்தலைவர் வரை ஒரே கதையைச் சொல்வார்கள். ஆய்வேட்டு விசாரணை இங்கே பெரிய மண்டபத்தில் ஊரறிய நடக்கும், ஒரு கல்யாணம் மாதிரி. பட்டம் வாங்குகிறவரின் சொந்தபந்தமெல்லாம் இனிப்புத் தட்டும் பூங்கொத்துமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள், தேர்வாளர்கள் முடிவைப் படித்ததும் பெண்கள் குலவையிட வேண்டும். முன்னொரு காலத்தில் ஒருவர் அப்போது உயிரோடிருந்த ஒரு கவிஞரைப் பற்றி ஆய்வு செய்தார். கவிதைகளில் வருகிற கிணறு உண்மையில் தேசம்தான் என்று நூறு பக்கத்துக்கு நிறுவியிருந்தார். அழைக்காமலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கவிஞர் பாதியில் எழுந்தார். மண்டபத்து நாற்காலிகள் பழைய மரநாற்காலிகள், ஆள் எழுந்தால் உட்காரும் பலகை தானே மடங்கி டமார் என்று பின்னால் அடிக்கும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி, அது எங்க வீட்டுக் கிணறு. எங்க அம்மா அதுலதான் துணி துவைப்பா. நீ சொன்னது எதையும் நான் நினைக்கவே இல்லை," என்றார் கவிஞர். பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் வாங்கினவரின் அம்மாவுக்குக் குலவை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கெய்ரோவின் காபிக்கடைகள் ஒரு வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. அன்றிலிருந்து துறையில் ஒரு சொலவடை: செத்தவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

முதலாம் ஆண்டில் இந்தக் கதையைக் கேட்டு ரிஹாப்பும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பட்டப்படிப்பில் முதலாவதாக வந்ததால் துறையிலேயே உதவி விரிவுரையாளர் வேலை கொடுத்திருந்தார்கள். கொடுத்த கையோடு ஒரு கெடுவும் வைத்திருந்தார்கள். அதற்குள் ஆய்வை முடிக்காவிட்டால் தேர்வுப் பிரிவில் எழுத்தராகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், காலம் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளுக்கு நுழைவுச்சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த வருடம் பதிவு செய்தால்தான் முடிக்க முடியும்.

"ஒரு நல்ல தலைப்பு நான் தரேன்," என்றார் டாக்டர் ஷவ்கி. அரை நூற்றாண்டுக்கு முன் இறந்த ஒரு கவிஞரின் பெயரைச் சொன்னார். "அவர் கவிதைகள்ல நைல் நதி."

"அதை ஏற்கெனவே எட்டுப் பேர் பண்ணிட்டாங்க, டாக்டர்."

"ஒன்பதாவதா நீ பண்ணு. நைல் வத்தியா போச்சு?"

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ரிஹாப் விண்ணப்பத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் இறங்கும்போதுதான் ஆத்திரம் வந்தது.

நான்கு வருடப் படிப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நவீன இலக்கியம் முழுக்க அடைப்புக்குறிக்குள் அடங்கியவர்களுடையது. பிறப்பு, இறப்பு, நடுவில் ஒரு கோடு. தேர்வில் அந்த வருடங்களை மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும், கதையை மாற்றி எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மூன்றாம் ஆண்டில் அஸ்பகிய்யா பழைய புத்தகச் சந்தையில் அட்டை கிழிந்த ஒரு நாவலைக் கண்டெடுத்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது. நகரத்தின் காதலும் சண்டையும் சாவும் அவர்கள் காதுவழியாகப் போகும், அவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. ரிஹாப்பின் அம்மா ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவள், வீட்டுக்கு வந்து காலைச் சூடான உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பாள். அந்தக் கால் வலி ஒரு அரபுப் புத்தகத்தில் இருக்கும் என்று ரிஹாப் நினைத்ததே இல்லை. அதில் இருந்தது. மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே படித்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டாள். எழுதிய தவ்ஹீதா இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துப் போனபோது, கதவைத் திறந்த கிழவி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மின்சாரக் கணக்கா, எரிவாயுக் கணக்கா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஷவ்கி மறுத்த அன்று சாயங்காலமும் ரிஹாப் அந்தக் கதவைத்தான் தட்டினாள். தவ்ஹீதா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ரிஹாப் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"ஆக, நான் செத்தாத்தான் உனக்குப் பட்டம்?"

"அப்படிச் சொல்லாதீங்க, உஸ்தாதா."

"நான் எங்கடி சொன்னேன்? உன் டாக்டர் சொல்றான்." ஒரு காயை வாயில் போட்டு மென்றார். "எங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்லயாவது, ஆள் எடுக்கலைன்னாதான் இணைப்பைத் துண்டிப்போம். இவனுங்க ஆள் பேசினா துண்டிக்கறானுங்க."

ரிஹாப்புக்கு அழுகை வந்தது. தவ்ஹீதாவுக்கு அழுகிறவர்களைப் பிடிக்காது.

"மூக்கைத் துடை. அந்தக் கிணத்துக்காரக் கவிஞன் செஞ்சது சரிதான். உன் விசாரணைக்கு நானும் வருவேன். நீ ஏதாவது உளறி வெச்சிருந்தா எந்திரிச்சு நின்னு, 'பொய்'னு கத்துவேன்."

"வாங்க. முதல் வரிசையிலயே இடம் போடறேன்."

"முதல் வரிசை வேணாம். அங்க உக்காந்தவன் எவனும் எந்திரிச்சு நான் பாத்ததில்லை." கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "நாளைக்கு உன் துறை எத்தனை மணிக்குத் திறக்கும்? நான் நேர்லயே போய்க் கேக்கறேன்."

மறுநாள் மின்தூக்கி வேலை செய்யவில்லை. அது வேலை செய்ததாக ரிஹாப்புக்கு ஞாபகமும் இல்லை. சர்க்கரை நோயும் வீங்கிய முழங்காலுமாக தவ்ஹீதா மூன்று மாடி ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்களைத் திட்டினார், வசவில் ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. மேலே போனதும் நடந்ததை ரிஹாப் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. துறையே எழுந்து நின்றது. டாக்டர் ஷவ்கி நாற்காலியை இழுத்துப் போட்டார். துறைச் செயலர் மதாம் ஃபாயிஸா இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். "எங்கள் தலைமுறையே உங்கள் பேனாவால் வளர்ந்தது," என்றார் ஒருவர். எந்தப் புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை.

தவ்ஹீதா தேநீரைத் தொடாமல் நேராக விஷயத்துக்கு வந்தார். "டாக்டர், ஒரு சந்தேகம். நான் எப்ப சாகணும்? பதிவுக்குக் கடைசி தேதி என்ன?"

டாக்டர் ஷவ்கி தொடையைத் தட்டிச் சிரித்தார், உடனே எல்லாரும் சிரித்தார்கள். "உங்க பேச்சும் உங்க நாவல் மாதிரியேதான்!"

"எந்த நாவல்?"

"எல்லாமேதான், உஸ்தாதா, எல்லாமேதான்! ஃபாயிஸா, போன் எடும்மா, ஒரு படம் எடுத்துக்குவோம்."

படம் எடுத்தார்கள். தவ்ஹீதா நடுவில், டாக்டர் ஷவ்கி பின்னால் நின்று நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி, ஓரத்தில் ரிஹாப். ஐந்து நிமிடத்தில் அது துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறி, அதற்குக் கீழே இதயமாகக் குவிந்தது. பதிவைப் பற்றிக் கடைசிவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிய டாக்டர் ஷவ்கி ரிஹாப்பின் காதருகே, "நைல் தலைப்பை யோசி மகளே," என்றார்.

இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் தவ்ஹீதா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. மாணவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். ரிஹாப் பையிலிருந்து தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ ஏன் சிரிச்ச?" என்று கேட்டார் தவ்ஹீதா.

"எப்ப?"

"நான் எப்ப சாகணும்னு கேட்டேன். அவனுங்க சிரிச்சானுங்க, சரி. நீ ஏன் சிரிச்ச?"

தான் சிரித்தது ரிஹாப்புக்கே தெரியாது. அன்று ராத்திரி ஃபேஸ்புக்கில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பல் தெரிய நன்றாகவே சிரித்திருந்தாள்.

"நான் உன்னைக் குத்தம் சொல்லலை," என்றார் தவ்ஹீதா தண்ணீரைக் குடித்துவிட்டு. "அந்த அறையில சிரிக்கறதுக்குத்தான் சம்பளம். நானும் முப்பது வருஷம் சூப்பர்வைசர் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரிச்சவதான். வீட்டுக்கு வந்துதான் எழுதுவேன். கையைக் குடு, எந்திரிக்கணும்."

ரிஹாப் நைல் தலைப்பை எழுதிக் கொடுக்கவில்லை, தன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கவும் இல்லை. அது மதாம் ஃபாயிஸாவின் அலமாரியில் தூங்கியது. குளிர்காலம் போனது. வசந்தத்தில் பாலைவனத்துப் புழுதிக்காற்று கிளம்பி நகரம் முழுக்க மஞ்சளாகிவிட்ட வாரத்தில் தவ்ஹீதாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். "அங்க போனா நர்ஸ் என்னை 'கண்ணு'ன்னு கூப்பிடுவா, அந்தக் கோபத்துலயே செத்துருவேன்." கீழ்வீட்டுக்காரி உம்மு மீனா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள், ரிஹாப் வகுப்பு முடிந்ததும் ஓடிவந்தாள். கடைசியாகப் பார்த்த அன்று தவ்ஹீதா கண்ணைத் திறந்து, "இன்னும் பதிவாகலையா? அவசரப்படுத்தாதடி, பாதி வழி வந்துட்டேன்," என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ரிஹாப் விழித்தாள். மறுநாள் விடியலில் உம்மு மீனாவின் போன் வந்தது.

ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம் போலிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. தவ்ஹீதாவுக்கென்று யாரும் இல்லாததால் பெண்கள் துக்கம் கேட்க உம்மு மீனா தன் வீட்டையே திறந்துவிட்டாள். சுவரில் கன்னி மரியாள் படம், கீழே கைபேசியில் குர்ஆன் ஓதல், சர்க்கரை போடாத கறுப்புக் காபி. முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே படிக்கட்டில் வாழும் ஷுப்ராவில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. மூன்றாவது கோப்பையைக் கையில் வைத்திருந்தபோது ரிஹாப்பின் போன் அடித்தது. மதாம் ஃபாயிஸா.

"அல்லாஹ் பொறுமையைக் குடுக்கட்டும்டி. எப்பேர்ப்பட்ட பொம்பளை!" பெருமூச்சு. அதே மூச்சில், "சரி, கேளு. வியாழக்கிழமை துறைக் குழு கூடுது. ஷவ்கி டாக்டர் உன் விண்ணப்பத்தை அவரே கேட்டு வாங்கி மேல வெச்சிட்டாரு. அவரே வழிகாட்டியா இருக்காராம். நீ வந்து அந்த வருஷத்தை மட்டும் போட்டு, கையெழுத்து வெச்சிட்டுப் போ. எல்லாம் நல்லதுக்குத்தான். உன் வேலை தப்பிச்சுது!"

அந்த நொடியில் ரிஹாப்பின் நெஞ்சில் ஏதோ லேசானது. சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க அவளால் முடியவில்லை. சாவு வீட்டில், கையில் சாவுக்காபியோடு, தவ்ஹீதாவின் உடல் மண்ணுக்குள் போன அன்றைக்கே, வேலை தப்பித்தது என்று அவள் மனசு ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கியது. காபியைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். டாக்டர் ஷவ்கியைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள், ஃபாயிஸாவைத் திட்டினாள், கண்ணாடியில் தெரிந்த முகத்தை எல்லாவற்றையும்விடக் கேவலமாகத் திட்டினாள்.

வியாழக்கிழமை போனாள். போகாமல் என்ன செய்வாள்? அம்மாவின் கால் ஓய்ந்துவிட்டது, வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. மதாம் ஃபாயிஸா நீட்டிய பேனாவால் கோட்டுக்கு அடுத்த வெற்றிடத்தில் அந்த வருடத்தை எழுதி, அடைப்புக்குறியை மூடி, கீழே கையெழுத்துப் போட்டாள். இறந்தவரின் கண்ணை அழுத்தி மூடுவதுபோல இருந்தது. "அப்பாடா," என்றாள் மதாம் ஃபாயிஸா.

நினைவேந்தல் கூட்டத்தைத் துறை பெரிய மண்டபத்தில் வைத்தது. விசாரணைகள் நடக்கும் அதே மண்டபம். முதலாம் ஆண்டு மாணவர்களை வருகைப் பதிவு உண்டு என்று பயமுறுத்தி உட்கார வைத்திருந்தார்கள், பாதிப்பேர் ரிஹாப்பின் வகுப்புப் பிள்ளைகள். மேடையில் தவ்ஹீதாவின் பெரிய படம், மூலையில் கறுப்பு நாடா, கீழே பெயர், மூடிய அடைப்புக்குறி. அன்று போனில் எடுத்த படம்தான். மற்றவர்களை வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆனால் நாற்காலியின் முதுகில் டாக்டர் ஷவ்கியின் நான்கு விரல்களும் மோதிரமும் மிச்சமிருந்தன. முதல் வரிசையில் ரிஹாப்புக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள், டாக்டருக்குப் பிறகு அவள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் கறுப்பு உடையில் உம்மு மீனா தெரிந்தாள். மெட்ரோவில் வழி கேட்டுக் கேட்டு வந்திருப்பாள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக டாக்டர் ஷவ்கி ஒலிவாங்கியின் முன்னால் தொண்டையைச் செருமினார். மேடைக்குரிய தூய இலக்கிய அரபியில், ஒரு உச்சரிப்புகூடப் பிசகாமல் ஆரம்பித்தார்.

"அம்மையார் தம் இறுதி நாட்களில் எங்கள் துறையைத் தேடி வந்தார். அந்த முதிய வயதில் மூன்று மாடிகள் ஏறி வந்தார். ஏன்? 'என் எழுத்துக்கு இதுவே வீடு' என்று என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. இங்கே அமர்ந்திருக்கும் என் மாணவி ரிஹாப், அவரைப் பற்றி ஆய்வு செய்யத் தயங்கினாள். நான்தான் கூறினேன்: எழுது, மகளே, அவர் வாழும்போதே எழுது."

முதல் வரிசை கைதட்டியது. ரிஹாப்பின் கைகளும் தாமாகவே மேலே வந்தன. நெஞ்சுக்கு நேரே வந்ததும் அவள் அவற்றைப் பார்த்தாள். கைதட்டல் அடங்கட்டும் என்று டாக்டர் ஷவ்கி அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி காத்திருந்தார். பதிலுக்குத் தன் உதடு விரிய ஆரம்பிப்பதை அவள் உணர்ந்தாள், அன்றைக்கு விரிந்த அதே மாதிரி.

எழுந்துவிட்டாள். பலகை டமார் என்று பின்னால் அடித்தது. மண்டபம் முழுக்கத் திரும்பியது.

"பொய், டாக்டர்."

அவள் பேசியது வீட்டு அரபி, தெரு அரபி. அந்த மண்டபத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை. ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

"அவங்க உங்க கையைப் பிடிக்கலை. எதுவும் கலங்கலை. நான் எப்ப சாகணும்னு கேட்டாங்க. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அவங்க செத்தப்புறம்தான் என் விண்ணப்பத்தை வாங்கினீங்க. வருஷத்தை நான்தான் எழுதினேன், இந்தக் கையாலதான்."

மதாம் ஃபாயிஸா காபித் தட்டோடு பக்கவாட்டுக் கதவில் நின்றுவிட்டாள். பேராசிரியர்கள் அவரவர் மடியைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை போனைத் தூக்கிப் படம்பிடிக்க ஆரம்பித்தது. டாக்டர் ஷவ்கி கண்ணாடியை மெல்ல நெற்றிக்கு ஏற்றினார்.

"உக்காரு மகளே," என்றார், இப்போது அவரும் தெருப் பேச்சுக்கு இறங்கியிருந்தார். "துக்கத்துல என்ன பேசறோம்னு உனக்குத் தெரியலை. உக்காரு. உன் பதிவு இன்னும் கல்லூரி மன்றத்தோட ஒப்புதலுக்குப் போகலை, ஞாபகம் இருக்கட்டும்."

உட்கார வேண்டுமென்றால் மடங்கிய பலகையை ஒரு கையால் பிடித்துக் கீழே இறக்க வேண்டும். ரிஹாப்பின் இரண்டு கைகளும் முன்னால் எட்டும் தூரத்தில் இருந்த மேடை விளிம்பின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தன. அம்மாவின் முகம் வந்தது, உப்புத் தண்ணீர்ப் பாத்திரம் வந்தது. கம்பியை விடவில்லை. படத்தில் தவ்ஹீதா தன் நாற்காலியில் கோபமாக உட்கார்ந்திருந்தார், பின்னால் அந்த நான்கு விரல்கள்.

"உக்காருன்னு சொல்றேன்ல?"

பின்னால் வெகுதூரத்தில், கடைசி வரிசைப் பக்கம், இன்னொரு பலகை டமார் என்று எழுந்தது.